நடுவில் வந்த பந்து

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கிளப்பில், டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்த சுவரில், தேக்கில் செய்த பலகை ஒன்று மாட்டியிருந்தது. வருடா வருடம் போட்டியில் வென்றவர்களின் பெயர்களை அதில் மஞ்சள் எழுத்தில் எழுதுவார்கள். 1979 முதல் 1985 வரை ஏழு வருடமும் இரட்டையர் ஆட்டத்துக்கு நேரே மில் முதலாளியின் பெயர்தான். இரட்டையர் ஆட்டத்தை ஒருவர் தனியாக ஆடி வெல்ல முடியாது என்பது டென்னிஸ் பார்க்காதவருக்கும் தெரியும். அதனால் முதலாளி பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, 'மார்க்கர்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த மார்க்கரின் பெயர் முத்துவீரன். சொந்த ஊர் வ. புதுப்பட்டி.

கிளப்பில் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவருக்கு மார்க்கர் என்று பெயர். விடியற்காலையில் மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்ட வேண்டும். பகலில் மட்டைகளுக்கு நரம்பு பின்ன வேண்டும். சாயங்காலம் ஆள் குறைகிற பக்கம் இறங்கி ஆட வேண்டும். ஆடிப் பிழைப்பவர்களை வெளிநாட்டுப் பத்திரிகைகள் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எழுதும், படம் போடும், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றுகூடக் கேட்டுப் போடும். அதே தொழிலை இராஜபாளையத்தில் செய்தவருக்கு உருளைக் கொட்டகையின் குழாயில் கட்டித் தொங்கவிட்ட ஓர் அலுமினிய டம்ளர் இருந்தது. உறுப்பினர்களின் கண்ணாடி டம்ளரை அவர் தொடக் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சொல்லத் தேவைப்படவில்லை.

பதினாறு வயதில் உருளை இழுக்க வந்தவர் அவர். வேலை முடிந்த பின் பஞ்சுக் குடோன் சுவரில் நரம்பு அறுந்த மட்டையால் பந்தை அடித்துக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்தார். 'இவன் கை நல்லாருக்கே' என்றார். பழைய மார்க்கர் கண் மங்கி நின்றதும் அந்த இடம் இவருக்கு வந்தது. இருபத்திரண்டு வயதில் முத்துவீரன் அந்த வட்டாரத்திலேயே சிறந்த இரட்டையர் ஆட்டக்காரர். அதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் போட்டி வந்தால் மற்ற உறுப்பினர்கள் 'மார்க்கர் யார் கூட?' என்று முதலில் கேட்பார்கள். 'முதலாளி கூட' என்று பதில் வந்ததும் இரண்டாம் பரிசைப் பற்றிப் பேச ஆரம்பித்து விடுவார்கள்.

முதலாளியோடு ஆடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. எழுதி வைத்த முறை அல்ல. முகம் சுளித்துச் சுளித்துப் பழக்கிய முறை. முதலாளி இடது பக்கம் நிற்பார். வலது கைக்காரர் என்பதால் நடுவில் வரும் பந்து அப்படி நின்றால்தான் அவர் கைக்கு வாட்டமாக வரும். முத்துவீரன் வலது பக்கம். ஓரத்துப் பந்து, தலைக்கு மேல் பின்னால் போகிற பந்து, காலடியில் விழுகிற பந்து, மூச்சு வாங்க ஓடி எடுக்க வேண்டிய பந்து எல்லாம் முத்துவீரனுக்கு. நடுவில் வாகாக வருகிற பந்து முதலாளிக்கு. அதை அடித்தால்தான் பாயிண்ட். அது வரும்போது முத்துவீரன் 'ஐயா பந்து' என்று சொல்லி அரை அடி ஒதுங்குவார். ஐயா அடிப்பார். அது வலையில் மாட்டினாலும் 'நல்ல அடிங்கய்யா, நூல்ல போச்சு' என்று சொல்ல வேண்டும். ஏழு வருடம், மழை நாள் தவிர, தினம் முப்பது நாற்பது தடவை.

முத்துவீரனின் மனைவி வெள்ளத்தாய் அதே மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார். 1985-ல் மில் ஆண்டு விழாவுக்காகத் தொழிலாளர் குடும்பங்களை ஒரு நாள் கிளப்புக்குள் விட்டார்கள். வெள்ளத்தாய் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பலகை முன்னால் நின்று மேலிருந்து கீழே வாசித்தார்.

"உங்க பேரு எங்க இருக்கு?"

"அந்தா இருக்குல்லா, மார்க்கர்னு. ஏழு வாட்டி."

"அது உங்க பேரா? எனக்குத் தாலி கட்டுனது யாரு, மார்க்கரா? ரேசன் கார்டுல மார்க்கர்னா போட்டுருக்கு?"

"சத்தம் போடாத. ஆளுக நிக்காக."

"நிக்கட்டும். குடோன் நாய்க்குக் கூட வாட்ச்மேன் ஒரு பேரு வச்சிருக்காரு. ஏழு வருசம் ஓடி ஓடி எடுத்துக் குடுத்திருக்கீக, ஒரு பேரெழுத மஞ்சப் பெயிண்டு இல்லாமயா போச்சு?"

முத்துவீரன் அதுவரை அந்தப் பலகையைத் தினம் துடைத்திருக்கிறார். வாசித்ததில்லை. அன்றைக்குப் பிறகு அவரால் வாசிக்காமல் துடைக்க முடியவில்லை. ஏதாவது ஒரு பலகையில், ஏதாவது ஒரு வருடத்துக்கு நேரே, தன் பெயர் முழுதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த வருடம் வழி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல்களும் அதிகாரிகளும் ஆடுகிற ஒரு கிளப் உண்டு. அங்கே மார்க்கர் சங்கரலிங்கம். முத்துவீரனைவிட நான்கு வயது மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சைக்கிளிலேயே இராஜபாளையம் வந்து சேர்ந்தார்.

"ஏலே முத்து, சேதி தெரியுமா? மாவட்டம் புதுசாப் பிரிஞ்சதுக்காக எங்க கிளப்புல போட்டி நடத்துறாக. நோட்டீசுல 'மாவட்டத்தில் வசிக்கும் எவரும்'னு போட்டுருக்கு. எவரும்னா நாமளும் தானலே?"

"அண்ணாச்சி, அது அவுக எவரு. நம்ம எவரு இல்ல."

"தங்கச்சாமி வக்கீல்தான் செயலாளரு. கேட்டுட்டுத்தான் வாரேன். வரச் சொன்னாரு. ஜெயிக்கிற ரெண்டு பேரு பேரையும் புதுப் பலகையில முதல் வரியில எழுதுவாகளாம்."

தங்கச்சாமி முப்பது வயது வக்கீல். எழுத்தில் இருப்பதை எழுத்தில் இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிற, அந்தக் கிளப்புக்கு ஒத்துவராத மனிதர். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார்.

"பேரு?"

"மார்க்கருங்க. மில் கிளப்பு."

"அது வேலைய்யா. பேரைச் சொல்லும்."

"முத்துவீரன்."

"தகப்பனார் பேரு?"

முத்துவீரன் ஓர் அடி முன்னால் வந்தார். "மாரிச்சாமி" என்றார். டென்னிஸ் சம்பந்தமாக அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

முதலாளியிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ரெண்டு மார்க்கரும் சேந்து ஆடப் போறீகளா? பொறவு பந்து பொறுக்குறது யாருலே?" மெட்ராஸில் கல்லூரி அணிக்கு ஆடிய அவருடைய அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனோடு தானும் அதே போட்டியில் பெயர் கொடுத்தார்.

இரண்டு மார்க்கர்களும் சேர்ந்து பழக ஆரம்பித்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. இருவருமே வாழ்நாள் முழுக்க வலது பக்கம் நின்றவர்கள். இடது பக்கம் என்பது ஐயாக்களின் பக்கம். அங்கே நின்று ஆட இருவருக்கும் கூச்சமாக இருந்தது. 'நீங்க மூத்தவரு, நீங்க போங்க அண்ணாச்சி' என்று முத்துவீரன் தள்ளிவிட, சங்கரலிங்கம் இடது பக்கம் போனார். யாரோ வீட்டுப் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்தவர் போலத்தான் அங்கே நின்றார்.

முதல் இரண்டு சுற்றில் எதிரணிக்காரர்கள் திணறிப் போனார்கள். கால் நூற்றாண்டாக வெள்ளைக் கால்சட்டை போட்டு ஆடிய வக்கீல்களுக்கு, தங்கள் பக்கம் நின்று தங்களைத் தூக்கிவிட்ட கைகள் எதிர்ப்பக்கம் நின்றால் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அரையிறுதியில் ஒரு பந்து இருவருக்கும் நடுவே போனது. இருவரும் தொடவில்லை.

"நீ எடுப்பேன்னு நெனச்சேன்லே."

"நான் நீங்க எடுப்பீகன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பெரிய முன்னிலையில் இருந்ததால் அதை மறந்தும் போனார்கள். அங்கேதான் தவறு. எதிர்ப்பக்க நிழலில், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்து உட்கார்ந்திருந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டார். மறக்கவில்லை.

இறுதி ஆட்டம் முதலாளிக்கும் அவர் அக்கா மகனுக்கும் எதிராக. வெள்ளத்தாய் லீவு போட்டுவிட்டு வந்து, உள்ளே விடாததால், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். வக்கீல் குமாஸ்தாக்களும் டீக்கடைக்காரர்களும் அவர் பக்கத்தில் நின்றார்கள். முதல் செட் மார்க்கர்களுக்கு. இரண்டாவது முதலாளிக்கு. மூன்றாவதில் மார்க்கர்கள் ஐந்துக்கு நான்கு முன்னிலை. முதலாளியின் சர்வீஸில் முப்பது-நாற்பது. இன்னும் ஒரே பாயிண்ட். புதுப் பலகை கிளப் வராந்தாவில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, ஒரு எழுத்தும் இல்லாமல்.

சர்வீஸ் போடுவதற்கு முன் முதலாளி அக்கா மகனிடம் தங்கள் வீட்டு மொழியான தெலுங்கில் சொன்னார்: "நடும வெய்ரா." நடுவில் போடுடா என்று அர்த்தம். பதினான்கு வருடம் அந்த மில்லில் இருந்த முத்துவீரனுக்குத் தெலுங்கு தெரியும். பந்து எங்கே வரப் போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

சங்கரலிங்கம் திருப்பியடித்தார். இருவரும் வலையை நெருங்கினார்கள். நான்கைந்து அடி மாறி மாறிப் போனது. அக்கா மகன் நடுவில் போட்டான். பலமான அடிகூட இல்லை. இடுப்பளவு உயரத்தில், இருவரும் நீட்டினால் இருவர் மட்டையிலும் படுகிற தூரத்தில் வந்தது.

இருவரும் ஒதுங்கினார்கள்.

ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, அரை அடி. முத்துவீரனின் வாய் 'ஐயா' என்று பாதி சொல்லியும் விட்டது. பந்து இருவருக்கும் இடையில் போய்ப் பின்கோட்டுக்கு உள்ளே விழுந்தது. கூட்டம் சிரித்தது. நாற்பது-நாற்பது. அதற்குப் பிறகு முதலாளியும் அக்கா மகனும் வேறெங்கும் அடிக்கவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு பந்து நடுவில் போயின. அவற்றில் இரண்டை ஓடி எடுத்தார்கள். மட்டையோடு மட்டை மோதிற்று. மூன்றாவது செட் ஐந்துக்கு ஏழு என்று போனது.

புதுப் பலகையின் முதல் வரியில் முதலாளி பெயரும் அவர் அக்கா மகன் பெயரும் எழுதப்பட்டன. இரண்டும் முழுப் பெயர், இனிஷியலோடு.

முதலாளி வந்து முத்துவீரனின் தோளில் தட்டினார். "நாங்க பக்கத்துல இருந்தாத்தாம்லே உங்களுக்கு ஆட்டம். நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு, நரம்பு ரெண்டு அந்து போச்சு."

முத்துவீரனின் தாயார் பிச்சையம்மாள் புதுப்பட்டியில் ஒரு கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டார். திருஷ்டி என்றான் கோடாங்கி. வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒருத்தியின் கண் என்றான். சேவல் ஒன்று வாங்கிக்கொண்டான். கிளப் எழுத்தர் ஏழரைச் சனி என்றார். சங்கரலிங்கத்தின் வீட்டில் தலையெழுத்து என்றார்கள். நம் நாட்டில் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் குனிய வைத்தால், அந்தக் குனிவுக்குக் காரணம் கேட்க வானத்தில் இருக்கிற கிரகத்திடம்தான் முதலில் போவார்கள். குனிய வைத்தவன் பக்கத்து வீட்டில் இருப்பான்; அவனை யாரும் கேட்பதில்லை. சனிக்கு டென்னிஸ் தெரியாது. தினம் முப்பது நாற்பது தடவை, வருடக்கணக்கில், 'உனக்கு வசமாக வருவது உன்னுடையதல்ல' என்று ஓர் உடம்புக்குப் பாடம் நடத்தினால் அந்த உடம்பு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. மனம் வேண்டாம் என்று கத்தினாலும் கால் ஒதுங்குகிறது. இதற்குச் சேவல் அறுத்து என்ன ஆகும்?

சரியாகப் பார்த்தவர் வெள்ளத்தாய் ஒருவர்தான்.

"மில் கேட்டுல முதலாளி காரு வந்தா ரெண்டு பக்கமும் ஒதுங்குவீகள்ல? அதே மாதிரி ஒதுங்குனீக ரெண்டு பேரும். காரே வரல. வெறும் பந்து."

முத்துவீரன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எடுக்கணும்னா வாயத் தெறந்து எனக்குன்னு சொல்லணும். ஒருத்தர் சொன்னா மத்தவரு விடுவாரு. இதுல என்ன பெரிய ஆட்டம் இருக்கு?"

அந்த ஒரு சொல்லை முத்துவீரன் கோர்ட்டில் சொன்னதே இல்லை. அடுத்த போட்டிக்கு ஒரு வருடம் இருந்தது. வார விடுமுறை நாட்களில் கணவனும் மனைவியும் காலை பஸ்ஸில் போக, மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளப் கோர்ட்டில் கூடினார்கள். உறுப்பினர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தாய் சேலையைச் சொருகிக்கொண்டு நின்று, ஒரு வாளிப் பந்தை ஒவ்வொன்றாக நடுவில் எறிவார். இவர்களில் ஒருவர் 'எனக்கு' என்று கத்தி அடிக்க வேண்டும். முதல் மாதம் குரலே வரவில்லை.

"என்ன, கொசு முனங்குது?" என்பார் வெள்ளத்தாய். "அண்ணாச்சி, உங்களத்தான். பந்திக்குப் பந்தி சாம்பாரக் கேக்கும்போது எம்புட்டுச் சத்தம் வருது? அத இங்க போடுங்க."

"தாயீ, சாம்பாரு கேட்டா யாரும் வேலைய விட்டுத் தூக்க மாட்டாக" என்பார் சங்கரலிங்கம்.

மெல்ல மெல்லக் குரல் வந்தது. ஆறு மாதத்தில், பந்து எறியப்படும் முன்பே 'எனக்கு' வந்தது. சங்கரலிங்கம் இடது பக்கத்தில் கால் அகட்டி நிற்கக் கற்றுக்கொண்டார்.

1987-ல் நோட்டீஸ் வந்தது. 'எவரும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'சம்பளம் பெற்று ஆடுவோர் நீங்கலாக.' தங்கச்சாமி கூட்டத்தில் கேட்டார்: "போன வருசம் தோத்துத்தானே போனாங்க? அப்புறம் என்ன பயம்?" ஒரு மூத்த உறுப்பினர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "இந்த வருசம் ஜெயிச்சிருவாங்கப்பா. காலையில வாக்கிங் போகையில பாத்தேன்." வரி நிலைத்தது. தங்கச்சாமி செயலாளர் பதவியை விட்டார். சங்கரலிங்கம் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு குடும்பத்தோடு திருப்பூர் போய்ச் சேர்ந்தார்.

முத்துவீரன் மறுபடி முதலாளியின் வலது பக்கம். ஆனால் உடம்பு இப்போது வேறு பாடம் படித்திருந்தது. 'ஐயா பந்து' என்று சொல்லி ஒதுங்குவதற்கு இப்போது அவர் முயற்சி செய்ய வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒதுங்கினார்.

1988 பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில்காரர் விருந்தாளியாக வந்தார். அவர் நன்றாக ஆடுகிறவர். ஆட்டம் இழுபறியாக இருந்தது. கடைசி கேமில் ஒரு பந்து நடுவில் வந்தது. முதலாளி மட்டையை ஓங்கிவிட்டார்.

"எனக்கு!"

அதைச் சொன்னது தான்தான் என்று முத்துவீரனுக்கே பந்தை அடித்த பிறகுதான் தெரிந்தது. முதலாளிக்குக் குறுக்கே போய் வலையோரம் கோணலாக வெட்டியிருந்தார். விருந்தாளி கை தட்டினார். "பிரமாதம்! இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?"

முதலாளி சிரிக்கவில்லை. விருந்தாளி தண்ணீர் குடிக்கப் போனதும் கேட்டார்.

"என்னலே சொன்ன?"

"பந்து எனக்குன்னு சொன்னேங்கய்யா."

"கோர்ட்டு யாருது?"

"உங்களது. பந்து நடுவுல வந்துச்சு."

மறுநாள் எழுத்தர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். உறுப்பினரிடம் மரியாதைக் குறைவாக நடந்ததால் வேலையிலிருந்து நீக்கம். மில் குடியிருப்பில் இருந்த வீட்டையும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து வெள்ளத்தாய் அதைச் சத்தமாக வாசித்தார். 'மா. முத்துவீரன், தகப்பனார் பெயர் மாரிச்சாமி, வ. புதுப்பட்டி' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"வேலைய விட்டுத் தூக்கயில மட்டும் பேரு தெரிஞ்சிருக்கு பாருங்க."

தங்கச்சாமி அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்தினார். மதுரையில் தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். கிளப்பின் வக்கீல், முத்துவீரன் என்ற பெயரில் எவரும் எங்களிடம் வேலை பார்த்ததாகப் பதிவேட்டில் இல்லை என்றார். உண்மைதான், பதிவேட்டில் பதினாறு வருடமும் முதலில் 'உருளை ஆள்', பிறகு 'மார்க்கர்' என்றுதான் இருந்தது. தங்கச்சாமி நீக்கல் உத்தரவை எடுத்து நீட்டினார். இல்லாத ஆளை எப்படி நீக்கினீர்கள் என்று கேட்டார். வழக்கு நின்றது. நின்றதே தவிர நகரவில்லை. கிளப் தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது.

வருடங்கள் போயின. வெள்ளத்தாயையும் மில்லில் ஏதோ காரணம் சொல்லி நிறுத்தினார்கள். இருவரும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் சேர்ந்தார்கள். முத்துவீரனின் வலது முழங்கால், பிறர் விட்ட பந்துகளுக்கெல்லாம் ஓடிய கால், மடங்க மறுத்தது. நாற்பது வயதில் இனி ஆட முடியாது என்று ஆனது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தாலும் அவர் திரும்பிப் போக ஒரு டென்னிஸ் கோர்ட் கிடையாது. முதலாளியின் அக்கா மகன் மில் பொறுப்புக்கு வந்து அந்த இடத்தில் கார் ஷெட் கட்டிவிட்டான். பலகை என்ன ஆயிற்றென்று தெரியவில்லை.

ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முத்துவீரன் மதுரைக்குப் போனார். ஒரு நாள் கூலி போகும், கால் நோகும்.

"வக்கீலய்யா ஒருத்தர் போனாப் போதாதா? வாய்தாதான வாங்கப் போறாக" என்பார் வெள்ளத்தாய்.

"கூப்பிடும்போது ஆளு இருக்கணும்ல" என்பார் முத்துவீரன்.

1996-ல் ஒரு நாள் தங்கச்சாமி நேரம் இருக்கிறதே என்று அவரை டீ குடிக்கக் கூப்பிட்டார். வழக்கு எண்ணைச் சொல்லி, பெயரை மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் ஆள் இல்லை என்று எழுதுவார்கள். அதற்குள் வந்துவிடலாம் என்றார். முத்துவீரன் வாசலை விட்டு அசையவில்லை. உள்ளேயிருந்து சேவகர் வந்தார், தாளைப் பார்த்து நீட்டிக் கூப்பிட்டார்: "முத்துவீரன்!"

வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது பதில்: "இருக்கேன்!"

"ஏன்யா, இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுவாங்க, மெதுவாப் போகலாமே" என்றார் தங்கச்சாமி.

"முதல்லயே எடுத்துரணும் வக்கீலய்யா. விட்டா பின்னால போயிரும்" என்று சொல்லிக்கொண்டே, காலை இழுத்து இழுத்து, அவர் உள்ளே போனார்.